பட்டியலில் இல்லாத சிரிப்பு

நடந்தது இவ்வளவுதான்:

1. ஜப்பான்காரர்கள் வந்தார்கள். எங்கள் தோட்டத்துத் துரை காரில் ஏறித் தெற்கே போனார்.
2. ரப்பரை வாங்க ஆள் இல்லை. ரப்பர் பால் கொட்டகையை மூடினார்கள். அதோடு என் வேலையும் போயிற்று.
3. சும்மா இருக்கத் தெரியாததால் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினேன்.
4. அந்த நாடகத்தால் என் அண்ணனும் இன்னும் ஆறு ஆண்களும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகாமல் தப்பினார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு மட்டும்.
5. ஆறு மாதம் முடிகிற நேரத்தில் எங்கள் கதாநாயகிக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. கதாநாயகிக்கு மீசை உண்டு.
6. நான் மேடை ஏறினேன்.

ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தோட்டம் ஈப்போவுக்குப் பக்கத்தில், லகாட்டைத் தாண்டி இருந்தது. அப்பா ஆலையில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து இறந்துபோனவர். அதை மனசில் வைத்துத்தான் பள்ளி முடித்ததும் என்னைப் பால் சோதிக்கும் அறையில் சேர்த்துக்கொண்டார்கள். கம்பெனியின் ரசாயன துரை ஒருவர் ஈப்போவிலிருந்து வந்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார். ஒரு கண்ணாடிக் குழாயை ரப்பர் பாலில் மிதக்க விட வேண்டும். எந்தக் கோடு வரைக்கும் முங்குகிறது என்று பார்த்தால், பாலில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும். எடை கூடட்டும் என்று வாளியில் ஓடைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருவது எங்கள் பக்கம் சகஜம். அதைக் கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் என்னை யாரும் கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்காரவைத்ததில்லை.

தண்ணீர் இருக்கிறது என்று நான் சொன்னதும் காரணம் வரும். வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் மழை பெய்ததாகச் சொல்வார்கள். மரத்துக்குச் சளி பிடித்திருக்கிறது என்பார்கள். ஒருவர் தன் வியர்வைதான் சொட்டியிருக்கும் என்று சட்டையைப் பிழிந்தே காட்டினார். நான் சண்டை போட மாட்டேன். குழாயைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு காரணத்தை நோட்டில் எண் போட்டு எழுதிக்கொள்வேன். கொட்டகையை மூடியபோது நூற்றுப் பதினெட்டுக் காரணங்கள் இருந்தன.

அதில் பாதிக்குமேல் கங்காணியம்மா சொன்னவை. அவர் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் மனைவி. தன் கையால் ஒரு மரம்கூடச் சீவிப் பால் எடுத்ததில்லை. ஆனால் மற்றவர்களுக்காகப் பேச வாளியோடு கூடவே வருவார். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி ஒரு முறை பேர் கூப்பிட்டால், பின்னால் நின்று இவர் ஒரு முறை கூப்பிடுவார். தோட்டம் நின்றுபோய், எல்லாரும் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட ஆரம்பித்தபோது, கூப்பிட ஆள் இல்லை. ஒரு காலையில் தண்ணீர் எடுக்கப் போகும்போது பார்த்தேன். கங்காணியம்மா தன் மரவள்ளி வரிசைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "ரெண்டாவது வரிசை மொத ஆளு, என்னா இன்னும் படுத்துக்கிட்டே இருக்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

குடத்தைக் கீழே வைக்காமலே வீட்டுக்கு வந்து எழுத ஆரம்பித்தேன்.

நாடகம் இதுதான். தோட்டம் மூடிப்போன ஒரு கங்காணியின் மனைவி, மரவள்ளிச் செடிகளுக்குப் பெரட்டு எடுக்கிறாள். வேலைக்கு வராத செடியைத் திட்டுகிறாள். ஏன் தண்ணீர் ஊற்றவில்லை என்று அவளிடம் கேட்டால் நூற்றுப் பதினெட்டிலிருந்து எடுத்துக் காரணம் சொல்கிறாள். கடைசியில் கிழங்கு விளைகிறது. அண்ணனுக்கு ஆர்மோனியம் வரும். காலியாகக் கிடந்த பால் கொட்டகையில் ஆறு பேரைச் சேர்த்து ஒத்திகை தொடங்கினான். கங்காணியம்மா வேஷம் கட்டியவர் முன்பு பால்மரம் சீவியவர், எல்லாருக்கும் அண்ணன் வயது. அவரை எல்லாரும் வேஷக்கார அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல கட்டைக் குரல். மீசையை எடுக்கச் சொன்னதற்கு, வீட்டில் பிள்ளைகள் அழும் என்று சொல்லி முந்தானையை மூக்குவரை இழுத்துப் போட்டுக்கொண்டார். பெண் வேஷத்துக்குப் பெண் வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அந்தச் சமயம் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துச் சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் என்று சொல்லி அனுப்பினார்கள்; திரும்பி வந்தவர்களை நாங்கள் பார்க்கவில்லை. ஈப்போவில் ஒரு அலுவலகம் இருப்பதாகவும், மக்களை உணவுப் பயிர் போடத் தூண்டுகிற நாடகம் என்றால் குழுவுக்கு அட்டை கொடுப்பதாகவும் அண்ணன் கேள்விப்பட்டு வந்தான். அட்டையில் பேர் இருந்தால் ஆள் பிடிக்க வருகிறவர்கள் விட்டுவிடுவார்கள். மரவள்ளியைப் பற்றி எழுதியிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ரோஜாச் செடியைப் பற்றி எழுதியிருந்தால் ஏழு பேரும் போயிருப்பார்கள்.

முதல் தடவை அந்த அலுவலகத்து ஜப்பானிய அதிகாரியின் முன்னால் ஆடிக் காட்டியது நல்லபடி போகவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தமிழர் இருந்தார். முன்பு ஈப்போவில் செட்டியார் கடையில் வேலை பார்த்தவர். கடை மூடியதும் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்து ஆறே மாதத்தில் துபாஷி ஆனவர். மேடையில் ஒரு வசனம் வந்ததும் பார்க்க வந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. அதிகாரிக்கு இன்னும் அர்த்தம் போய்ச் சேரவில்லை. அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பொத்தான்களைத் தடவிப் பார்த்தார். இரண்டாவது சிரிப்பில் காலணியைக் குனிந்து பார்த்தார். மூன்றாவது சிரிப்பில் எழுந்துவிட்டார்.

துபாஷி வெகுநேரம் விளக்கினார். தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று ஒரு வழியாக அதிகாரி நம்பினார். அட்டை ஆறு மாதத்துக்குக் கிடைத்தது. ஒரு நிபந்தனை: அட்டையைப் புதுப்பிக்க மறுபடி ஆடிக் காட்டும்போது எங்கே எங்கே சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மற்றவர்கள் தலையில் கை வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இதைவிட எனக்குப் பொருத்தமான வேலையை யாரும் தந்ததில்லை. முப்பத்தொரு சிரிப்புகள். நான்கு கட்டங்கள் போட்டேன்: வரிசை எண், பேசுகிறவர், வசனம், ஏன் சிரிக்க வேண்டும். நாலாவது கட்டம்தான் கஷ்டம். துபாஷி ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தார். சைக்கிளுக்கு டயர் கிடையாது. தோட்டத்து ரப்பர் குழாயை வளைத்துக் கட்டியிருந்தார். மரவள்ளி அடையைத் தின்றுகொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ஒம்பதாவது. செடியைப் பாத்து, நேத்து ஏன் வேலைக்கு வரலைன்னு கேக்குறா. இதுக்குக் காரணம் என்னான்னு போடுறது, தங்கச்சி?"

"செடிக்குக் கால் இல்லை."

அவர் அதை அப்படியே ஜப்பானிய மொழியில் எழுதிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்த மத்தியானம் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

ஏற்பாடு இதுதான்: வசனம் முடிந்து ஜனம் சிரிக்கும். அதிகாரி தாளைப் பார்ப்பார், சிரிப்பார், பென்சிலால் ஒரு கோடு போடுவார். அதுவரை நடிகர்கள் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு அடுத்த வசனம்.

நாடகத்துக்கு முதல் நாள் வேஷக்கார அண்ணனுக்குக் காய்ச்சல் ஏறியது. போய்ப் பார்த்தபோது இரண்டு கோணிச் சாக்குக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். குளிர் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை அப்போது எங்கும் கிடைக்கவில்லை. தேதியைத் தள்ளிப்போடக் கேட்கலாமா என்று ஒருவர் சொன்னார். அட்டை அந்த வாரமே முடிகிறது என்று அண்ணன் சொன்னான். அந்த வேஷத்தின் வசனம் முழுக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் சாக்குக்குள் இருந்தார். எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

"வேணாம்," என்றான் அண்ணன். "ஆம்பளைங்க நடுவுல நீ மேடையில நின்னா, ஊர்ல நாளைக்கு என்னா பேசுவாங்க?"

"நாளைக்குப் பேசட்டும். நீ நாளான்னைக்கு ஊர்ல இருக்கணும்."

சாக்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

"விடுலா தம்பி. தங்கச்சிக்கு மீசை ஒண்ணுதான் கொறச்சல். மத்தபடி என்னைவிட நல்லாத்தான் இருக்கும்."

புடவைக்குக் கங்காணியம்மாவிடமே போனேன். கண்டாங்கிப் புடவையையும் வெற்றிலைப் பையையும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். ஒத்திகையை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. நாடகத்தில் வருகிற பொம்பளை பாகான் செராய்ப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஒருத்தியை அப்படியே உரித்துவைத்திருப்பதாகவும், அவளுக்கு இது வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

மின்சாரம் தட்டுப்பாடு என்பதால் நாடகமெல்லாம் பகலில்தான். ஈப்போவில் தகரக் கூரை போட்ட ஒரு பழைய கொட்டகை. மூன்று மணி வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. பக்கத்துக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதன் வழியாகக் குனோங் ராபாட் பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. நாங்கள் வரிசையாக நின்று அதிகாரிக்கு இடுப்பு வளைத்து வணக்கம் சொன்னோம். முன்வரிசையில் அவர். மடியில் என் பட்டியல். கையில் பென்சில். பக்கத்தில் துபாஷி.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் செய்ய வேண்டியது என்ன என்று வரிசையாகத் தெரிந்திருந்தால் நான் செய்துவிடுவேன். ஒன்று, உள்ளே போக வேண்டும். இரண்டு, மண்ணெண்ணெய் டின்களில் நட்டு வைத்த நாலு மரவள்ளிச் செடிகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். மூன்று, வாயைத் திறக்க வேண்டும்.

முதல் நாலு சிரிப்பும் சரியாக வந்தன. ஜனம் சிரித்தது, அதிகாரி தாளைப் பார்த்தார், சிரித்தார், கோடு போட்டார். அந்த இடைவெளியில் அண்ணன் ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது வசனம், செடியிடம் ஏன் தாமதம் என்று கேட்பது. கேட்டேன். சிரித்தார்கள். அதிகாரி தாளைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அசையாமல் நிற்க வேண்டிய நேரம். வேஷக்கார அண்ணன் இந்த இடத்தில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார். எனக்கு மறைக்க மீசை இல்லை. எழுதும்போது வசனத்தோடு என் வேலை முடிந்துவிட்டது. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் இந்தப் பெண் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நான் யோசித்ததே இல்லை. கேள்வி கேட்டிருக்கிறாள். அப்படியானால் பதிலுக்காகக் காத்திருப்பாள்.

செடியைப் பார்த்தேன். காத்திருந்தேன். பால் கொட்டகையில் குழாயைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முகங்களை அப்படிப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துச் செடி ஏதோ சொன்ன மாதிரி காதைச் சாய்த்தேன். கேட்டுக்கொண்டேன். நம்பவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினேன்.

வசனத்துக்கு வந்த சிரிப்பைவிடப் பெரிய சிரிப்பு வந்தது. பின்வரிசையில் ஒருவர் பெஞ்சைத் தட்டினார். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, தாளில் அடுத்த வரியைப் படித்து, சிரித்து, ஆறாவது கோட்டைப் போட்டார்.

நாங்கள் இன்னும் ஆறுக்கு வரவில்லை.

இது எனக்கு உடனே புரிந்தது. அவர் ஒரு எண் முன்னால் போய்விட்டார். அடுத்த இடைவெளியில் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டால் கணக்கு அதற்குமேல் கெடாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு செடியைப் பார்த்ததற்கே சிரித்தார்கள். மூன்றாவது தடவை செடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். அதற்கும் சிரித்தார்கள். அதிகாரி மூன்று எண் முன்னால் இருந்தார். பட்டியலை எழுதியவள் மேடையில் நின்றுகொண்டு தன் பட்டியலைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தாள்.

நாடகத்தில் ஒரே ஒரு சோகக் காட்சி உண்டு. கங்காணி காய்ச்சலில் படுத்துவிடுகிறார். பதினோராவது சிரிப்புக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில் அது வரும். கங்காணியாக நடித்தவர் உருக்கமாக முனகினார். கூட்டத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சியது மேடைவரை கேட்டது. அந்த அமைதியில், மூக்கு உறிஞ்சலைச் சிரிப்பு என்று நினைத்துத் தாளில் பதினைந்தாவது வரியைப் படித்து முடித்த அதிகாரி, வாய்விட்டுச் சிரித்தார்.

தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிய இரண்டு நொடி ஆயிற்று. தாளைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். கையை உயர்த்தினார்.

அண்ணனின் ஆர்மோனியம் நின்றது. அவன் விரல்கள் கட்டைகள்மேல் அப்படியே இருந்தன. அவனைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்வரிசையில் யாரோ மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள்.

துபாஷி எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பட்டியலில் இல்லாத சிரிப்பு எத்தனை என்று அதிகாரி கேட்பதாகச் சொன்னார். மூன்று என்றேன். அந்த மூன்றும் எதற்காக என்று கேட்பதாகச் சொன்னார்.

"நான் சும்மா நின்னேன்," என்றேன்.

"சும்மா நின்னதுக்கு இத்தனை சனம் சிரிச்சுதுன்னு நான் எப்படித் தங்கச்சி அவர்கிட்ட சொல்றது?"

நியாயமான கேள்வி. நாலாவது கட்டத்தில் எழுத எனக்கு எதுவும் இல்லை. செடிக்குக் கால் இல்லை என்று எழுதலாம்; செடியைப் பார்த்துக் காத்திருந்ததை எப்படி எழுதுவது? என்னிடம் இருந்தது இரண்டே வழி. மன்னிப்புக் கேட்டு, இனிமேல் அசையாமல் நிற்கிறேன் என்று சொல்வது ஒன்று. அதை அவர் நம்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

"தாளை மூடி வைக்கச் சொல்லுங்க," என்றேன். "நான் செஞ்சு காட்டுறேன்."

துபாஷி என்னை ஒரு முறை பார்த்தார். என்ன சொல்லி மொழிபெயர்த்தாரோ தெரியாது. அதிகாரி பட்டியலைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

வசனம் ஒன்றுகூட இல்லாமல் பெரட்டு எடுத்தேன். முதல் டின்னுக்கு முன்னால் நின்று செடியை மேலிருந்து கீழே பார்த்தேன். சரி, இவன் வந்திருக்கிறான். இரண்டாவது, வந்திருக்கிறான். மூன்றாவது கொஞ்சம் வாடியிருந்தது. அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு காரணம் கேட்டுக்கொண்டேன். இன்னொரு காரணம். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு மூன்றாவது காரணத்தையும் கேட்டேன். பிறகு நாலாவது செடியைப் பார்த்தேன். அது தன் நண்பனைக் காட்டிக்கொடுக்குமா என்று கேட்கிற மாதிரி.

முதலில் சிரித்தது அதிகாரிதான். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தது; அவர் சிரித்தபிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் நாடகத்தில் தாளைப் பார்க்காமல் அவர் முந்திச் சிரித்த ஒரே இடம் அது.

சிரித்து முடித்து அவர் துபாஷியிடம் ஏதோ சொன்னார். அவர் ஊரில் அவருடைய அக்கா முள்ளங்கிப் பாத்தியில் இப்படித்தான் நிற்பாராம்.

மீதி நாடகம் பட்டியல் இல்லாமலே நடந்தது. அட்டையை ஒரு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டார். ஏழு பேர்களுக்குக் கீழே எட்டாவதாக என் பேரையும் எழுதச் சொன்னார். பேருக்கு எதிரே என்ன வேலை என்று போட வேண்டும். எழுத்தாளர் என்று போடலாமா என்று துபாஷி கேட்டார். அதிகாரி அதைக் கேட்டுக்கொள்ளாமல் வேறு சொன்னார். துபாஷி எழுதினார்: வயதான பெண்.

அந்த மனிதர் நல்லவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அதே மாதம் பக்கத்து லயத்திலிருந்து ஒன்பது பேரை லாரியில் ஏற்றினார்கள். அதற்கான தாளிலும் அவர் மாதிரி ஒருவர்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். அண்ணன் அந்த லாரியில் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

திரும்பும்போது அண்ணன் மாட்டுவண்டியில் என் எதிரே உட்கார்ந்து வந்தான். லகாட்டில் ஈயம் தோண்டிய குட்டைகளைத் தாண்டியதும், கடைசிச் செடியைப் பார்த்தேனே, அதை அடுத்த தடவையும் செய்வேனா என்று கேட்டான். செய்வேன் என்றேன். அப்படியானால் அங்கே ஆர்மோனியத்தை நிறுத்திவிடுகிறேன் என்றான். ஊர் என்ன பேசும் என்ற பேச்சை அவன் பிறகு எடுக்கவேயில்லை. ஊர் பேசத்தான் செய்தது. இரண்டு வாரம் பேசியது, அப்புறம் எங்கள் தோட்டத்துக்கு எப்போது நாடகம் என்று கேட்க ஆரம்பித்தது.

அந்த அட்டை முடிந்தபோது இன்னொரு தடவை புதுப்பித்தோம். அதுவும் முடிவதற்குள் ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். அதற்குள் என் எழுத்து மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு பக்கத்தில் எத்தனை வசனம் போடலாம் என்று பார்ப்பேன். இப்போது எழுதி முடித்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு, எதையெல்லாம் பேசாமலே செய்யலாம் என்று அடித்துக்கொண்டே வருகிறேன். போன நாடகத்தில் என் வேடத்துக்குப் பதினோரு வசனம்தான் மிஞ்சியது. என் வசனத்தை நானே தின்றுவிடுகிறேன் என்று குழுவில் கேலி செய்கிறார்கள். வேஷக்கார அண்ணன் குணமாகி எழுந்தபிறகு பழைய வேஷத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இப்போது எனக்குப் புருஷனாகக் கங்காணி வேஷம் கட்டுகிறார். மீசைக்கு வேலை கிடைத்ததில் அவருக்குத் திருப்தி.

இன்றைய நிலவரம்: பால் கொட்டகையை மறுபடி திறந்திருக்கிறார்கள். திங்கள் முதல் சனி வரை நான் சோதனை அறையில் வேலை செய்கிறேன். அண்ணன் தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்க்கிறான். அவன் உடம்பு நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடிக்கிறேன். இதுவரை பதினான்கு தோட்டங்களில் நடித்தாயிற்று, எல்லாமே வயதான பெண் வேடங்கள். எனக்கு வயது இருபத்து நாலு.